மலை இறங்கிய பிறகும் அதே ரொட்டி

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா பேர் போடுவதை, அதாவது வேலைக்குப் போவதை, நிறுத்திய பிறகுதான் அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தது. அம்மாவுக்கு மட்டுமில்லை, அவரோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்த பலருக்கும் இதே கதைதான். "வேல செஞ்ச வரைக்கும் ஒண்ணும் இல்ல, வீட்ல உக்காந்தோன்ன எல்லா வருத்தமும் வந்து ஒட்டிக்கிச்சு" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சொல்லாத ஆள் குறைவு. சிலர் கண்ணூறு என்பார்கள், சிலர் வயசு என்பார்கள். எனக்கு இதில் வேறு ஒரு காரணம் தெரிகிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

காலையில் பெரட்டுக்கு, அதாவது பேர் பதிந்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, போகிற ஒரு பெண் சாயங்காலம் வரைக்கும் ஏற்றத்திலும் இறக்கத்திலும் நிற்கிறார். மழையில் வழுக்குகிற மண்ணில் காலை ஊன்றி, நிறைந்த கொழுந்தைச் சுமந்து மடுவத்துக்கு வந்து எடை போட்டுவிட்டு, திரும்பவும் மலைக்கு ஏறுகிறார். அப்படி உழைக்கிற தசை இரத்தத்தில் இருக்கிற சீனியைத் தானாகவே இழுத்துக்கொள்ளும், அதற்கு இன்சுலினின் உதவிகூட அவ்வளவாகத் தேவைப்படாது. வருஷக்கணக்காக அந்த உடம்பு தின்ற மாவையெல்லாம் மலையிலேயே எரித்துவிட்டது. பிறகு ஒரு நாள் சேவைக்காலப் பணத்தையும் ஈ.பி.எஃப். என்கிற சேமலாப நிதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், உட்காருகிறார். ஏற்றம் நின்றுவிடுகிறது. காலை ரொட்டியும், மத்தியானச் சோறும், ராத்திரி ரொட்டியும், இடையில் சீனி போட்ட தேத்தண்ணியும் நிற்பதில்லை. உடம்பு என்ன செய்யும்?

ரொட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. விடியமுன் எழுந்து, விறகு அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அப்புறம் பெரட்டுக்கு ஓடுகிறவருக்கு ரொட்டியைவிடத் தோதான சாப்பாடு கிடையாது. மாவில் கொஞ்சம் உப்பு, கையளவு தேங்காய்ப்பூ, தண்ணீர். பிசைந்து கல்லில் தட்டினால் முடிந்தது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனால் மலையில் நின்றுகொண்டே தின்னலாம். ஊசிப்போகாது, குழம்பு சிந்தாது, மத்தியானம் வரை பசி தாங்கும். தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சம்பல் போதும். நேரமில்லாத, கையில் காசில்லாத ஒரு வாழ்க்கை கண்டுபிடித்த சாப்பாடு அது.

இத்தனைக்கும் கோதுமை எங்கள் பழைய சாப்பாடே இல்லை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கமிருந்து வந்த எங்கள் முன்னோர் கேழ்வரகும் கம்பும் சோளமும் தின்ற ஊர்களின் ஆட்கள். தோட்டத்தில் அவர்களுக்கு அரிசி கொடுத்தார்கள், அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். அந்த அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது, அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா பங்கீட்டுக்குள் வந்தது. யுத்தம் முடிந்தது, மா மட்டும் போகவில்லை. இந்த நாட்டில் கோதுமை விளைவதே இல்லை, எல்லாம் கப்பலில் வருவதுதான். ஆனாலும் மலிவு விலையில் மாவைக் கொடுத்தே ஒரு முழுச் சமூகத்தின் வயிற்றைப் பழக்கிவிட்டார்கள். 1973, 74 பஞ்சத்தில் அந்த மாவும் போதாமல் தோட்டங்களில் ஆட்கள் செத்தார்கள். அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர்கள் இன்றைக்கும் மா மூட்டையை வீட்டில் வைத்திருந்தால்தான் நிம்மதியாகத் தூங்குவார்கள். அவர்களிடம் போய் "மாவைக் குறை" என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. சொல்கிற நாம் இதைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

இப்போது மருந்துப் பக்கம் வருகிறேன்.

நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் குளிசை, அதாவது மாத்திரை, இலவசம். இது சின்ன விஷயம் இல்லை. பிபிலையில் பிறந்த பேராசிரியர் சேனக பிபிலே, அவசியமான மருந்துகள் எவை என்று பட்டியல் போட்டு, கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் மலிவாக வாங்க வேண்டும் என்று போராடினார். அதற்காக 1971ல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. இன்றைக்கு ஒரு தோட்டத்து ஆள் சீனிக்கு மெட்ஃபோர்மினும் பிரஷருக்கு லொசாட்டனும் காசு கொடுக்காமல் வாங்குவதற்குப் பின்னால் அந்த மனிதரின் உழைப்பு இருக்கிறது. ஆகவே குளிசையே விஷம், எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரர்களின் சதி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற குரல் பதிவுகளைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அந்தக் குளிசை கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை 2022ல் நாடே பார்த்தது. டொலர் இல்லை, மருந்து இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். வெளியில் வாங்கக் காசில்லாதவர்கள் ஒரு நாளைக்குரியதைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. குளிசையை மட்டும் நம்பி இருக்கிற உடம்பு, குளிசை வராத மாதத்தில் விழுந்துவிடும். சாப்பாட்டையும் கொஞ்சம் சரிசெய்து வைத்திருந்தவர்கள் அந்த மாதங்களைத் தாண்ட வாய்ப்பு அதிகம்.

கிளினிக்கில் இதையெல்லாம் பேச நேரம் ஏது? விடியற்காலையில் போய் நம்பர் எடுத்து, வாங்கில் உட்கார்ந்து, பிரஷர் பார்த்து, கொப்பியை நீட்டினால் ஒரு சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பின்னால் இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள், டொக்டரைக் குறை சொல்லி என்ன பயன்? "சீனி கன்ன எபா", சீனி தின்ன வேண்டாம், என்று அவர் சிங்களத்தில் சொல்வார். அம்மா தலையாட்டுவார். வீட்டுக்கு வந்து வெள்ளைச் சீனியை ஒதுக்கிவிட்டுக் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். கித்துள் கருப்பட்டிக்குச் சீனி ஏறாது என்று மலைநாடு முழுக்க ஒரு நம்பிக்கை. அதிலும் பெரும்பங்கு சீனிதான். வாசம் நல்லது, அவ்வளவே.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. "மருந்து குடிக்கிறேன்ல, பொறவு என்னா?" என்று அம்மா கேட்பார். கோயில் திருவிழா, கல்யாணம், சடங்கு என்று வந்தால் காலையில் ஒரு குளிசையைக் கூடுதலாகப் போட்டுவிட்டு இனிப்புச் சாப்பிடுகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இனிப்புத் தின்பதற்கான அனுமதிச் சீட்டாகக் குளிசையை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி நடக்கும்போது அடுத்த கிளினிக்கில் சீனி கூடியிருக்கும், குளிசையின் அளவும் கூடும். கொஞ்ச நாளில் ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகிவிடும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, அப்படியே நடந்துவிடுகிறது.

சாப்பாட்டால் உண்மையில் எவ்வளவு முடியும் என்று கேட்பவர்களுக்கு மூன்று ஆய்வுகளைச் சொல்ல விரும்புகிறேன். சென்னையில் டொக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு, சீனி வருத்தத்தின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006ல் வெளியானது. நம்மைப் போலச் சோறு தின்கிற உடம்புகளில் நடந்தது என்பதால் எனக்கு அது முக்கியம். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு வருத்தம் முற்றியது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39 ஆக இருந்தது. மெட்ஃபோர்மின் மட்டும் குடித்தவர்களில் ஏறக்குறைய 40. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் அதே அளவுதான். அதாவது அந்தக் கட்டத்தில் தட்டு செய்கிற வேலையும் குளிசை செய்கிற வேலையும் கிட்டத்தட்டச் சமம்.

இரண்டாவது பிரிட்டனில் நடந்தது, 2017ல் வெளியானது. வருத்தம் வந்து ஆறு வருஷம் தாண்டாத, உடல் பருத்த முந்நூறு பேர் வரை. பாதிப் பேருக்கு டொக்டர்களே குளிசையை நிறுத்தி, சில மாதங்கள் ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் கட்டுப்பாடான உணவு கொடுத்தார்கள். ஒரு வருஷ முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேர் குளிசை இல்லாமலே வருத்த எல்லைக்குக் கீழே இருந்தார்கள். இரண்டாம் வருஷம் அது 36 ஆகக் குறைந்தது. இதை வீட்டில் யாரும் தன்பாட்டில் செய்து பார்க்க வேண்டாம், அது தொடர்ந்து கண்காணித்துச் செய்த வைத்தியம். மூன்றாவது பிரஷருக்கானது. 1997ல் அமெரிக்காவில் மரக்கறியும் பழமும் கொழுப்புக் குறைந்த பாலும் நிறையக் கொடுத்து எட்டு வாரம் பார்த்தார்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் 11 புள்ளி வரை இறங்கியது. ஒரு குளிசை இறக்குகிற அளவுக்கு அது கிட்ட.

சரி, இதெல்லாம் எங்கள் குசினியில் எப்படி நடந்தது?

முதலில் தேத்தண்ணி. அம்மா ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி போடுவார், நாளைக்கு ஐந்து கோப்பையாவது போகும். பதினைந்து தேக்கரண்டி என்றால் 60 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 25 கிராம் அளவுக்குள் இருந்தால் நல்லது என்கிறது, அதாவது ஆறு தேக்கரண்டி. இந்தக் கணக்கைச் சொன்னபோது அம்மா அசையவில்லை. "சீனி இல்லாட்டி அது கசாயம்டி" என்றார். அதனால் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. அரைக் கரண்டி குறைத்து அந்த ருசிக்கு நாக்குப் பழகும் வரை விட்டோம், அப்புறம் இன்னொரு அரை. இஞ்சி தட்டிப் போட்டோம். இப்போது பக்கத்து வீட்டில் கொடுக்கிற தேத்தண்ணி தித்திப்பாக இருக்கிறது என்று அவரே முகம் சுளிக்கிறார்.

ரொட்டியை நிறுத்தவில்லை. பாதிக்குப் பாதி குரக்கன் மா, அதாவது கேழ்வரகு மா, கலந்தோம். முதலில் தட்டும்போதே விளிம்பெல்லாம் வெடித்தது, ஏனென்றால் குரக்கனில் கோதுமை மாவின் பசை கிடையாது. குரக்கனில் மட்டும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறி, ஆறின பிறகு கோதுமை மாவைச் சேர்த்துப் பிசைந்தால் சொன்னபடி கேட்கும். வாழையிலைத் துண்டில் வைத்துத் தட்டினால் கையில் ஒட்டாது. கொஞ்சம் வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டால் அந்த மண்வாசம் தூக்கலாகத் தெரியாது. ஆனால் குரக்கனை மந்திரமாக நினைக்க வேண்டாம். நார்ச்சத்து வெள்ளை மாவைவிடப் பல மடங்கு, 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, எல்லாம் உண்மை. மாவுச்சத்தும் ஏறக்குறைய கோதுமை அளவுக்கு இருக்கிறது என்பதும் உண்மை. குரக்கன் என்று நாலு ரொட்டி தின்றால் சீனி ஏறத்தான் செய்யும். மூன்று பெரிய ரொட்டி தின்ற இடத்தில் உள்ளங்கையளவில் இரண்டு, கூடவே அவித்த கௌபியோ கடலையோ ஒரு கிண்ணம், கீரை ஒரு கிண்ணம். முக்கியமான மாற்றம் இந்தக் கிண்ணங்களில்தான் நடந்தது. பருப்பும் கீரையும் முதலில் வயிற்றுக்குள் போனால் மாவு மெதுவாகக் கரையும், பசியும் சீக்கிரம் எடுக்காது.

லயத்துக்கு முன்னால் இருக்கிற துண்டு நிலத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் வைத்தோம். வல்லாரையை நுணுக்கமாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், தேசிக்காய்ப் புளி விட்டு அம்மா போடுகிற சம்பலுக்கு ஈடு இல்லை. அந்தத் தேசிக்காய்க்கு இன்னொரு வேலையும் உண்டு, கீரையில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு உறிஞ்ச உதவும். சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணி அதைத் தடுக்கும். கிளினிக்கில் கொடுக்கிற இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிற கர்ப்பிணிப் பிள்ளைகளை எங்கள் தோட்டத்தில் அடிக்கடி பார்க்கிறேன். தேயிலை நம் சோறு என்பதற்காகச் சோற்றோடு அதைக் குடிக்க வேண்டியதில்லை, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கலாம்.

பிரஷருக்கு உப்புத்தான் எதிரி. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு என்பதே எல்லை. கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பது, சோயா மீட்டோடு வருகிற தூள் பக்கெட்டைப் பாதி மட்டும் போடுவது, மா பிசையும்போது கையை அடக்குவது. இதற்கெல்லாம் செலவு கிடையாது.

சில மாதம் போனது. மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையில் எண் நன்றாகவே இறங்கியிருந்தது. டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அம்மா குடித்துவந்த இன்னொரு சீனிக் குளிசையான கிளிக்லசைட்டை நிறுத்தினார். மெட்ஃபோர்மின் தொடர்கிறது. லொசாட்டனும் தொடர்கிறது. எல்லாவற்றையும் விட்டாச்சு என்று சொல்லக்கூடிய வெற்றிக் கதை இது இல்லை, நான் அப்படியொரு கதையை எழுத விரும்பவும் இல்லை. ஒரு குளிசை குறைந்தது, மற்றவை கூடவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

குளிசையைக் குறைத்தது டொக்டர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சாப்பாட்டை மாற்றிக்கொண்டு குளிசையை அப்படியே போடுவதும் ஆபத்து, தானாக நிறுத்துவதும் ஆபத்து. கிளிக்லசைட், டொல்பியூட்டமைட் மாதிரியான குளிசைகள் நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். காலையில் அதைப் போட்டுவிட்டு வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போகிறவருக்குப் பத்து மணியளவில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் மங்கும். சரிவில் நிற்கிற ஒருவருக்கு அது எப்படி முடியும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து, மூன்று கரண்டியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். மெட்ஃபோர்மினுக்கு இந்தக் குணம் பெரும்பாலும் கிடையாது, ஆனால் வருஷக்கணக்காகக் குடிக்கிறவர்களுக்கு பி12 குறையலாம். கால் விறுவிறுக்கிறது, மரத்துப்போகிறது என்றால் அதையும் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். லொசாட்டன் குடிக்கிறவர்கள் கடையில் விற்கிற பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைத் தன்பாட்டில் வாங்கிப் போடக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கீரையின் அளவைக்கூட டொக்டர்தான் சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்தே இன்சுலின் ஊசியில் இருக்கிற பிள்ளைகளுக்கும், மாரடைப்பு வந்து தப்பியவர்களுக்கும் இந்தப் பேச்சே வேறு. சாப்பாடு அவர்களுக்கும் உதவும், ஊசிக்கும் குளிசைக்கும் பதிலாக நிற்காது.

நாட்டு மருந்தும் அப்படித்தான். கொத்தலா ஹிம்புட்டு மரக் கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிறார்கள், தெபு இலையைச் சம்பல் போடுகிறார்கள். இவை சீனியை இறக்கக்கூடியவைதான். இறக்கும் என்பதால்தான் கிளினிக்கில் மறைக்காமல் சொல்ல வேண்டும். குளிசையும் அதுவும் ஒரே நேரத்தில் இழுத்தால் தாங்காது.

இவ்வளவும் எழுதிவிட்டு, எல்லாம் தனிமனிதர் கையில்தான் இருக்கிறது என்பது போல நான் பேசினால் அது அநியாயம். நுவரெலியாவில் விளைகிற கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் லொறி ஏறித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகிறது. அதே மலையில் நாட்கூலிக்கு வேலை செய்கிறவர் ஒரு கிலோ போஞ்சியின் விலையைக் கேட்டுவிட்டு மா பக்கெட்டை எடுத்துக்கொண்டு வருகிறார். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேரும் சம்பளமும் போய்விடும். லயத்துக்கு முன்னால் உள்ள துண்டு நிலமும் சட்டப்படி அவருடையது இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் மத்தியானம் ஒரு முட்டையும் பயறும் கொடுத்தால், கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தால், வீட்டுக்குப் பேர்ச் கணக்கில் மரக்கறிக் காணி எழுதிக் கொடுத்தால், நாட்டின் குளிசைச் செலவு தானாகக் குறையும். தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்குப் பேசுகிற மேசையில் இதையும் வைக்க வேண்டும். வைக்கும்படி நாம் கேட்க வேண்டும்.

அது வரும்வரை, அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிப் போகிறவர்கள் குளிசைப் பையை மட்டும் கொண்டு போகாதீர்கள். ஒரு வாரம் அவர்கள் என்ன தின்றார்கள், எத்தனை தேத்தண்ணி, எத்தனை மணிக்கு என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். சாப்பாட்டை மாற்றியிருக்கிறோம், இந்தக் குளிசையின் அளவைப் பார்க்க வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். சிங்களம் பேச வராதவர்களோடு லயத்தில் படித்த பிள்ளை ஒருவர் கூடப் போகட்டும். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் எங்கள் டொக்டர் முதல்முறையாக அம்மாவிடம் காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்.